வலியை மறைப்பது மன உறுதி ஆகுமா?

ஒரு மாணவன் கேட்ட கேள்வியும், அதற்கு மேடையிலிருந்து வந்த பதிலும் சில மாதங்களாக என்னை விடாமல் தொடர்கின்றன. நாகர்கோவிலை அடுத்து நான் பணியாற்றும் கல்லூரியில் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் படையில் இருந்தவர் அல்லர். ஆனாலும் பேச்சு முழுவதும் கமாண்டோக்களைப் பற்றியே இருந்தது. சேற்றில் புரளும் வீரர்களும், பெரிய மரத்தடியைத் தோளில் சுமந்து கடலுக்குள் இறங்கும் வீரர்களும் திரையில் வந்துகொண்டே இருந்தார்கள். மனம் ‘போதும்’ என்று சொல்லும் நேரத்தில் உடல் தன் ஆற்றலில் 40 சதவீதத்தைத்தான் செலவழித்திருக்கும் என்று அமெரிக்கக் கடற்படையின் சீல் என்னும் சிறப்புப் படை வீரர்கள் பெயரில் உலவும் வாசகத்தை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வலி என்பது மூளை சொல்லும் பொய் என்றார். யாரையும் எதிர்பாராமல் தனியாக நிற்பவனே வெல்வான் என்றார். கேள்வி நேரத்தில், ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போய்த் தேர்வாகாமல் திரும்பியிருந்த மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, “அப்படின்னா அங்கே போய்த் தோத்துத் திரும்பினவங்க எல்லாருக்கும் மன உறுதி இல்லேன்னுதான் அர்த்தமா சார்?” என்று கேட்டான். பேச்சாளர் தயங்கவில்லை. ஆம், மற்றவை எல்லாம் நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளும் சாக்குகள் என்றார். அரங்கம் கைதட்டியது, அவன் உட்கார்ந்தான்.

அந்தப் பதில் தவறானது என்று எனக்கு அங்கேயே தோன்றியது. ஆனால் அது எந்த இடத்தில் தவறுகிறது என்பது அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. சிறப்புப் படைகளின் பயிற்சி மிகக் கடுமையானது என்பதும், அதைக் கடந்து வருகிறவர்களிடம் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது என்பதும் உண்மைதானே! வேறு ஊர்களில் இப்படிப்பட்ட பேச்சு ஒரு மணி நேர எழுச்சியோடு முடிந்துவிடலாம். குமரி மாவட்டத்தில் அது அப்படி முடிவதில்லை. விடியும் முன்னே அண்ணா விளையாட்டரங்கிலும், தோவாளைப் பக்கத்துச் சாலைகளிலும், சங்குத்துறைக் கடற்கரை மணலிலும் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ராணுவ ஆள்சேர்ப்புத் தேர்வில் 1.6 கிலோமீட்டர் தொலைவை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடி முடித்தால் முதல் பிரிவு. அதற்குமேல் ஒவ்வொரு விநாடியும் இழப்பு. பிறகு முழு மதிப்பெண் பெறக் கம்பியில் தொங்கி 10 முறை எழும்ப வேண்டும், 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்து, நான்கு ஆண்டுப் பணிக்குப் பிறகு நால்வரில் ஒருவருக்கே தொடர்ச்சி என்றான பின்னும் இந்த ஓட்டம் நிற்கவில்லை. வயது வரம்பு நெருங்குகிற பிள்ளைகளின் அவசரம் பார்த்தாலே தெரியும். மேடையில் கேட்ட வாசகத்தை இவர்கள் மறுநாள் காலையிலேயே கால்களில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். அதனால்தான் அந்த வாசகம் சரியா என்று பார்க்கும் பொறுப்பு எனக்கு இருப்பதாக உணர்ந்தேன்.

காற்றாலைகளுக்குக் கீழே

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றை அனுபவித்தவர்களுக்கு, அந்தக் காற்றை எதிர்த்து ஓடுவது எவ்வளவு கடினம் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில், காற்றாலைகள் தெரியும் ஒரு பொட்டல் மைதானத்தில், இந்திய ராணுவத்தின் பாரா (வான்குடை) சிறப்புப் படைப் பட்டாலியன் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல் பயிற்சி கொடுக்கிறார். பிள்ளைகள் அவரை மாமா என்கிறார்கள். நான் அண்ணாச்சி என்பேன். பேச்சு குறைந்தவர். தான் எங்கெங்கே இருந்தார், என்னென்ன செய்தார் என்பதைப் பற்றி அவர் வாயிலிருந்து எதுவும் வராது. என் மாணவர்கள் சிலர் அவரிடம் பயிற்சிக்குப் போவதால் அவ்வப்போது விடியற்காலையில் அங்கே போய் நிற்பது எனக்குப் பழக்கமானது.

ஒரு நாள் ஓட்டத்தில் முதலாவதாக வந்த பையன், ஷூவைக் கழற்றும்போது இடது காலைத் தரையில் முழுதாக ஊன்றாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்ததை அண்ணாச்சி பார்த்துவிட்டார். பாராட்டை எதிர்பார்த்து நின்றவனை உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் விளிம்பை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்கினார். பாதியில் ஓரிடத்தில் விரல் பட்டதும் பையன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டான், சத்தம் வரவில்லை. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். “ரெண்டு வாரம் இருக்கும் மாமா” என்றான். “ஏம்லே சொல்லல?” என்றார். “சொன்னா ஓட விடமாட்டீங்கல்லா” என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் வருத்தத்தைவிடப் பெருமையே மிகுந்திருந்தது. வலியைத் தான் வென்றுவிட்டதாகவே அவன் உண்மையாக நம்பினான். கைபேசியின் முகப்பில், முகத்தில் கரி பூசிய ஒரு கமாண்டோவின் படமும், வலி நிலைக்காது என்ற பொருளில் ஒரு வரியும் வைத்திருந்தான். சுற்றி நின்ற பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். மாமா இவனைத் தட்டிக்கொடுக்கப் போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்தது தெரிந்தது.

அவருக்குக் கோபம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அவரிடம் அப்படி ஒரு கோபத்தைப் பார்த்ததில்லை. குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு சொல்லும் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: “வலியைத் தாங்கினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல மக்கா. மறைச்சியே, அதுதான் தப்பு. ராத்திரி மலை ஏறிட்டிருக்கோம், பாதி வழியில உன் கால் மடங்கிப்போச்சுன்னு வையி. உன் சுமையை யாரு எடுப்பா? உன்னையும் சேத்து யாரு எடுப்பா? உன் சோடிக்காரன். புறப்படுததுக்கு முன்னால அவனுக்குத் தெரிஞ்சிருந்தா வேற வழி பாத்திருப்பான். நீ அவன்கிட்ட பொய் சொல்லிட்டுல்லா கூட வந்திருக்க.”

பிள்ளைகள் கலைந்த பிறகு, மைதானத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் உட்கார்ந்து அவர் அதை எனக்கு விரித்துச் சொன்னார். அவர்கள் படையில் யாரும் தனி ஆள் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி உண்டு. சாப்பிடுவது, தூங்குவது, காவல் மாறுவது எல்லாமே அந்தச் சோடிக் கணக்கில்தான். நடக்கும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் குழுத் தலைவர் நிலவரம் கேட்பார்: எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, பாதம் எப்படி இருக்கிறது, யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா. அந்தப் பதில்களை வைத்துத்தான் அடுத்த திட்டம் போடப்படும். இந்த வழியாகப் போகலாமா, சுற்றிப் போகலாமா, விடியும் வரை காத்திருக்கலாமா என்பதை எல்லாம் அதுவே முடிவு செய்யும். பாதத்தில் கொப்புளம் வெடித்திருக்கும்போது நன்றாக இருக்கிறேன் என்று சொல்கிறவன், தலைவரின் கையில் தவறான வரைபடத்தைக் கொடுத்ததற்குச் சமம் என்றார். தகுதிகாண் காலத்தில் உடன் இருந்து சோதிக்கிறவர்கள் இதை மிகக் கூர்ந்து பார்ப்பார்களாம். மெதுவாக வருகிறவனை, பசியில் எரிச்சல்படுகிறவனைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். தன் நிலையைப் பற்றிப் பொய் சொல்கிறவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதைக் கேட்டதும் மேடைப் பேச்சில் என்னை உறுத்திய இடம் எது என்று எனக்குத் தெளிவானது. அந்தப் பேச்சாளர் விவரித்த கமாண்டோ, தன்னைத் தவிர வேறு யாருக்கும் கடமைப்படாதவர். அவருடைய வலி அவருக்கும் அவருடைய மனத்துக்கும் இடையே நடக்கும் தனிப் போர். அதில் வென்றால் அவர் உயர்ந்தவர். அண்ணாச்சி விவரித்த வீரருக்கோ வலிகூட முழுக்கச் சொந்தமில்லை. அது குழுவுக்குத் தெரிந்தாக வேண்டிய செய்தி. அதைத் தாங்கிக்கொண்டு நடப்பதும், அது இருக்கிறது என்று சொல்வதும் அவருக்கு ஒரே கடமையின் இரண்டு பகுதிகள். முதல் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துச் சுவரொட்டியாக்கி நம் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறோம். நம் வீடுகளில் ஏற்கெனவே ஆண் பிள்ளைகள் எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் வளர்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு ஒரு ராணுவச் சீருடையும் கிடைத்துவிட்டால் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சொல்லையும் வாங்க முடியாது. தேர்வில் தோற்ற பிள்ளையும், கடன் செயலியில் சிக்கிய பிள்ளையும் கடைசி நாள் வரை “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்வதைப் பார்த்த ஆசிரியராகத்தான் இதை எழுதுகிறேன்.

பையனை அன்றே மருத்துவரிடம் அனுப்பினார்கள். எலும்பு முறிவதற்கு முந்தைய கட்டம், சில வாரங்கள் ஓடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் உண்டாகும் இந்தப் பாதிப்பு படைகளுக்குப் புதியதன்று. பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்ஹாப்ட் 1855-லேயே அணிநடை வீரர்களின் பாதங்களில் இதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். பையன் வீட்டில் முடங்கிவிடுவானோ என்று நான் கவலைப்பட்டேன். அண்ணாச்சி அவன் கையில் நிறுத்துக் கடிகாரத்தைக் கொடுத்து, மற்றவர்களின் நேரத்தைக் குறிக்கும் வேலையை ஒப்படைத்தார். ஒவ்வொரு நாளும் ஓட்டத்துக்கு முன் எல்லோரிடமும் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறித்துவைப்பதும் அவன் வேலையானது.

படைகளே கற்ற பாடம்

வலியைச் சொன்னால் வெளியேற்றப்படுவோம் என்ற அச்சம் என்ன செய்யும் என்பதைச் சிறப்புப் படைகளே பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கின்றன. சீல் வீரர்களின் தேர்வில் ‘நரக வாரம்’ என்ற கட்டம் உண்டு. ஐந்தரை நாட்கள் நடக்கும் அதில் மொத்தமாகவே ஏறத்தாழ நான்கு மணி நேரத் தூக்கம்தான் கிடைக்கும். 2022 பிப்ரவரி 4 அன்று, கைல் மல்லன் என்ற 24 வயது வீரர் அந்த வாரத்தை வெற்றிகரமாக முடித்தார்; முடித்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். காரணம் நிமோனியா. மருத்துவக் கண்காணிப்பில் இருந்த குறைகளும், உதவி கேட்டால் தேர்விலிருந்து விலக்கப்படுவோமோ என்று பயிற்சி பெறுகிறவர்கள் தயங்குவதும் கடற்படையின் விசாரணைகளில் வெளிவந்தன. பிரிட்டனில் 2013 ஜூலையில், எஸ்.ஏ.எஸ். என்னும் சிறப்புப் படைக்கான தேர்வு நடையில், வேல்ஸின் பிரெகன் பீக்கன்ஸ் மலைகளில் கடும் வெயிலில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். இவர்களில் யாருக்கும் மன உறுதி குறைவாக இருந்தது என்று சொல்ல எவருக்கும் நா எழாது. அவர்களைச் சுற்றி இருந்திருக்க வேண்டிய கண்கள் தவறின.

அந்த 40 சதவீத வாசகத்திலும் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது. களைப்பு என்பது தசைகளில் மட்டும் உண்டாவதன்று, உடலைக் காப்பதற்காக மூளையும் முன்கூட்டியே கடிவாளத்தை இழுக்கிறது என்று தென்னாப்பிரிக்க விளையாட்டு அறிவியலாளர் டிம் நோக்ஸ் நீண்ட காலம் வாதிட்டு வந்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் உடலில் ஒரு கையிருப்பு இருக்கிறது. ஆனால் அது காரணமில்லாமல் ஒதுக்கிவைக்கப்பட்டதில்லை. இதயமும் உடல் வெப்பமும் எல்லை மீறாமல் இருப்பதற்காகவே அது இருக்கிறது. அதற்குள் கைவைப்பதற்குச் சிறப்புப் படைகள் மருத்துவரையும் பயிற்றுநரையும் அருகில் நிறுத்திக்கொள்கின்றன. அப்படி நிறுத்தியும் தவறுகிறது. சுவரொட்டி வாசகத்தை நம்பித் தார்ச்சாலையில் தனியாக ஓடும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அருகில் யார் நிற்கிறார்கள்?

சல்லடையும் நெல்லும்

இந்தப் பயிற்சிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் உண்டு. பாரா சிறப்புப் படைக்கு யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்புவதில்லை. விருப்பம் தெரிவித்து வருகிறவர்களை ஏறத்தாழ மூன்று மாதம் தகுதிகாண் காலத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். தூக்கமின்மை, பசி, முதுகுச் சுமையோடு நெடுந்தொலைவு நடை என்று எல்லாம் அதில் உண்டு. வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகிறார்கள். சீல் தேர்விலும் ஏறத்தாழ நால்வரில் மூவர் வெளியேறுகிறார்கள். விலக விரும்புகிறவர் அங்கே தொங்கும் மணியை மூன்று முறை அடித்துவிட்டுப் போகலாம். இந்த முதற்கட்டத்தின் முதன்மை நோக்கம் கற்றுக்கொடுப்பதைவிடப் பிரித்தெடுப்பதே. சல்லடை நெல்லைப் பருமனாக்குவதில்லை; பருமனான நெல்லைத் தன்மேல் நிறுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். உள்ளே நின்றவர்களைக் காட்டி, இந்தச் சலித்தெடுப்புதான் இவர்களை இப்படி ஆக்கியது என்று சொல்வது முறையாகாது.

உடலிலேயே இந்த வேறுபாட்டைக் காட்டிய ஆய்வு ஒன்றும் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சார்லஸ் மார்கனும் அவருடைய குழுவினரும், எதிரியிடம் சிக்கினால் தாக்குப்பிடிப்பதற்கான பயிற்சியில் இருந்த வீரர்களின் ரத்தத்தைச் சோதித்து 2000-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். போலி விசாரணையின் அழுத்தத்தின்போது, நியூரோபெப்டைட் ஒய் என்ற, பதற்றத்தைத் தணிக்க உதவும் பொருளின் அளவு சிறப்புப் படை வீரர்களிடம் மற்றப் படைவீரர்களைவிட மிகுதியாக இருந்தது. ஒரு நாள் கழிந்தபின் அவர்களிடம் அது பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது, மற்றவர்களிடம் குறைந்துபோயிருந்தது. பயிற்சி அதை உண்டாக்கியதா, பிறவியிலேயே அப்படிப்பட்டவர்கள்தான் தேர்வானார்களா என்பது வேறு கேள்வி. எப்படியானாலும், இரண்டாவது குழுவைச் சேர்ந்தவர்களை உறுதி இல்லாதவர்கள் என்று அவர்களுடைய ராணுவம் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.

தேர்ந்தெடுத்த பிறகு அவர்கள் கற்றுக்கொடுப்பவற்றில் நமக்கு உதவக்கூடியவையும் உண்டு, அவை மிக எளியவை. மூச்சை மெதுவாக்குவது, முழு வாரத்தையும் நினைக்காமல் அடுத்த சாப்பாட்டு வேளை வரை மட்டும் நினைப்பது, ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் பதவி வேறுபாடு பாராமல் உட்கார்ந்து எது தவறியது என்று பேசுவது. கடைசியாகச் சொன்னதை அண்ணாச்சி தினமும் செய்கிறார். அன்றைய பயிற்சியில் தான் கவனிக்கத் தவறியது எது என்பதை முதலில் அவரே சொல்லித் தொடங்குவார்.

வருவார்கள் என்ற உறுதி

தன் நிலையை மறைக்காமல் சொல்வது ஒரு பாதி என்றால், சொன்னால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை மறுபாதி. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த ஒரு காவல் நிலை பனிச்சரிவில் புதைந்தது. அதில் சிக்கிய பத்துப் பேரில் பெரும்பாலோர் 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் நம் மாவட்டத்துக்கு அன்னியமானதன்று. அதன் 9-ஆவது பட்டாலியன் பத்மநாபபுரத்திலிருந்து ஆண்ட திருவிதாங்கூர் அரசின் படையிலிருந்து வந்தது. உயிரோடு யாரும் இருக்க வாய்ப்பில்லை என்று கருதப்பட்டு இரங்கல் செய்திகளும் வந்துவிட்டன. ஆனாலும் தேடல் நிற்கவில்லை. கல்லைப்போல் இறுகிய பனியை வெட்டிக்கொண்டே போனவர்கள், 25 அடிக்கும் அதிகமான ஆழத்தில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை ஆறாம் நாள் உயிரோடு கண்டார்கள். டெல்லி மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று அவர் இறந்தார். மற்ற ஒன்பது பேரும் புதைந்த இடத்திலேயே இறந்திருந்தார்கள். அவருடைய மன வலிமையைப் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள், அது பேசத் தகுந்ததே. அந்த உயரத்தில், மூச்சுவிடவே உடல் திணறும் காற்றில், கிடைக்கமாட்டார்கள் என்று எல்லோரும் சொன்ன பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தவர்களைப் பற்றி அதில் பாதியாவது பேசியிருக்க வேண்டும். தன்னைத் தேடிப் படை வரும் என்று அறிந்த வீரரும், வரமாட்டார்கள் என்று அறிந்த வீரரும் ஒரே மாதிரி தாக்குப்பிடிக்க முடியுமா?

இதை அறிய நாம் சியாச்சின் வரை போக வேண்டியதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. படகு கவிழ்ந்து, பிளாஸ்டிக் கேனைப் பிடித்து மிதந்து, கரை சேர்ந்தவர்களில் ஒருவரோடு பின்னாளில் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தனியாகிவிடக் கூடாது என்பதற்காகக் கயிற்றால் ஒருவரோடு ஒருவர் கட்டிக்கொண்டதையும், இருட்டியதும் மாறி மாறிப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டதையும், ஊர்க்காரர்கள் எப்படியும் படகெடுத்து வருவார்கள் என்பதில் தனக்குச் சந்தேகமே வரவில்லை என்பதையும் அவர் சொன்னார். கரையில் இருந்தவர்கள் படகெடுத்துப் போகவும் செய்தார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு ரயிலை மறித்ததும், தேடலை விடாதீர்கள் என்று சொல்வதற்குத்தான். கடலுக்குள் மிதந்தவரின் உறுதியையும் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த தாய்மாரின் உறுதியையும் வேறு வேறாக என்னால் பார்க்க முடியவில்லை.

அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் 1965 செப்டம்பரில் வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு, 1973 பிப்ரவரியில் விடுதலையாகும் வரை ஹனோய்ச் சிறையில் இருந்தார். தன்னம்பிக்கைப் பேச்சுகளில் அவர் பெயர் அடிக்கடி வரும், அவர் படித்த கிரேக்கத் தத்துவத்தைப் பற்றியும் சொல்வார்கள். எனக்கு அவர் கதையில் முதன்மையாகத் தோன்றுவது சுவர். தனிக்கொட்டடிகளில் அடைக்கப்பட்ட கைதிகள், எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டமாக அடுக்கி, சுவரில் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டார்கள். சித்திரவதைக்குப் பணிந்து எதையோ சொல்லிவிட்டுக் கூனிக்குறுகித் திரும்பிய கைதிக்கு, எல்லோருக்கும் இது நேர்ந்திருக்கிறது, நாங்கள் இருக்கிறோம் என்ற செய்தி அந்தச் சுவர் வழியே வந்து சேரும். உடைந்துபோனதை ஒளிக்காமல் சக கைதியிடம் சொல்வதும், அடுத்த நாள் மறுபடி எதிர்த்து நிற்பதும் அவர்களிடையே ஒழுங்காகவே இருந்தது. தனியாக நிற்பவனே வெல்வான் என்ற வாசகத்தை அந்தச் சிறையில் யாரும் ஏற்றிருக்கமாட்டார்கள்.

திரும்பி வந்தவர்கள்

மாணவன் கேட்ட கேள்வியை நான் அண்ணாச்சியிடம் அப்படியே கேட்டேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, தன்னோடு தகுதிகாண் காலத்தில் இருந்து பாதியில் திரும்பிப் போன ஒருவரைப் பற்றிச் சொன்னார். அந்த வீரர் தன் பழைய காலாட்படைப் பட்டாலியனுக்கே போய்விட்டார். சில ஆண்டுகள் கழித்து ஒரு நடவடிக்கையின்போது, வெளி வளையத்தில் நின்றது அந்தப் பட்டாலியன்; அண்ணாச்சியின் குழுவில் காயம்பட்டவரைச் சரிவிலிருந்து இறக்கித் தூக்கிச் சென்ற நால்வரில் அவரும் ஒருவர். “அவனை உறுதி இல்லாதவன்னு எங்க பட்டாலியன்ல எவனும் சொல்லமாட்டான் தம்பி. அந்த வேலைக்கு அன்னிக்கு அவன் ஒத்துவரல, அவ்வளவுதான்” என்றார்.

தோற்றவர்களைப் பற்றி முடிவு கட்டும் முன் நம் மாவட்டத்துக்காரர்கள் உதயகிரிக் கோட்டைக்கு ஒருமுறை போய்வரலாம். 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சல் போரில் தோற்ற டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், போரில் வென்ற திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் வந்துசேர்ந்து, அவருடைய படைக்கே பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான் (பெரிய தளபதி) என்று பெயர்பெற்று, 1777-இல் இறக்கும் வரை இந்த மண்ணிலேயே இருந்தார். லத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்ட அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சியில் அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. போரில் வென்ற அரசர், தோற்ற தரப்பிலிருந்து வந்தவரின் தோல்வியைப் பார்க்காமல் அவருக்குத் தெரிந்த வேலையைப் பார்த்தார். முகாமிலிருந்து திரும்பும் பிள்ளைகளிடம் நாம் கேட்க வேண்டியதும் அதுவே: அங்கே எந்த இடத்தில் நின்றுபோனாய், இப்போது கால் எப்படி இருக்கிறது, உனக்கு நன்றாக வரும் வேலை எது?

எங்கள் கல்லூரியில் இந்தப் பருவத்துக்கு அண்ணாச்சியை அழைக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன், முதல்வர் ஒப்புக்கொண்டார். அண்ணாச்சியும் ஒப்புக்கொண்டார், சில நிபந்தனைகளோடு. மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம், மைதானம் போதும். வருகிறவர்கள் இருவர் இருவராகத்தான் வர வேண்டும், தண்ணீர் அவரவர் கொண்டுவர வேண்டும். முதல் அரை மணி நேரம் ஓட்டம் கிடையாது. எல்லோரும் ஷூவையும் காலுறையையும் கழற்றிவிட்டு வரிசையாக உட்கார வேண்டும், ஒருவர் பாதத்தை மற்றவர் பார்த்து என்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு என்று பேசியிருக்கிறோம்.